ஷெக்ட்மனை மேடையிலிருந்து இறக்குங்கள்

டான் ஷெக்ட்மன் கதையை இனி யாரும் மேடையில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு ஐந்து வருடத்துக்காவது. தன்முனைப்புப் பேச்சாளர்கள், நூல் வெளியீட்டில் வாழ்த்துரை வழங்குபவர்கள், மூன்று நிமிட அறிவியல் வீடியோ போடுபவர்கள், எல்லாரையும்தான் சொல்கிறேன்.

கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். இஸ்ரேல் விஞ்ஞானி ஒருவர் 1982-ல் மைக்ராஸ்கோப்பில் ஒன்றைப் பார்க்கிறார். இருக்கவே முடியாது என்று பாடப்புத்தகம் சொன்ன ஒன்று. வெளியே சொல்கிறார், சிரிக்கிறார்கள். குழுத் தலைவர் ஒரு பாடப்புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்து, இதைப் படி என்கிறார். பிறகு குழுவை விட்டே போகச் சொல்கிறார். இரண்டு நோபல் பரிசு வாங்கிய லைனஸ் பாலிங் மேடைக்கு மேடை அவரைக் கிண்டலடிக்கிறார். மனிதர் தளரவில்லை. 2011-ல் வேதியியல் நோபல் அவருக்கே வருகிறது. அரங்கில் கைத்தட்டல். 'ஆகவே நண்பர்களே, உலகம் உங்களைப் பார்த்துச் சிரிக்கும்போது...'

இதில் பொய் எதுவும் இல்லை. பெரும்பாலானவை அவரே பேட்டிகளில் சொன்னவை. என் சண்டை வேறு. இந்தக் கதையில் உலோகத்தைக் காணோம்.

உலோகம் இல்லாத கதையை யார் வேண்டுமானாலும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம். போட்டுக்கொள்கிறார்கள். போன வருடம் என் பெரியப்பா ஒரு நேரடி விற்பனைக் கூட்டத்துக்குப் போய் 380 வெள்ளிக்கு ஓர் உலோகத் தகடு வாங்கிவந்தார். கழுத்தில் மாட்டினால் இரத்த அழுத்தம் இறங்குமாம். "இதுக்கு ஆராய்ச்சி ஏதாச்சும் இருக்கா பெரியப்பா?" என்று கேட்டேன். "மொதல்ல எல்லாரும் இப்படித்தான் கேப்பாங்களாம் ஐயா. யாரோ ஒரு விஞ்ஞானி, அவரையும் இப்படித்தான் சிரிச்சாங்களாம், கடைசில நோபல் பரிசே குடுத்துட்டாங்களாம். படத்தோட காட்டுனாங்க" என்றார். மாத்திரையைப் பாதியாகக் குறைத்திருக்கிறார் என்பது பெரியம்மா சொல்லித்தான் தெரிந்தது.

இலக்கியக்காரர்களும் இந்த விஷயத்தில் அந்த ஏஜெண்டைவிட ரொம்ப மேல் இல்லை. தன் தொகுப்பைப் பத்து வருடமாக யாரும் மதிக்கவில்லை, ஆகவே தான் காலத்தை முந்தியவன் என்று பேஸ்புக்கில் எழுதுகிற கவிஞரிடமும் இதே தர்க்கம்தான் இருக்கிறது. சிரிக்கப்பட்டவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் பெரும்பாலோர் தப்பாகச் சொன்னவர்கள், அதனால்தான் அவர்கள் பெயர் நமக்குத் தெரியவில்லை. ஷெக்ட்மன் சரி என்று எப்படித் தெரிந்தது? அவரைப் பார்த்துச் சிரித்ததாலா? இந்தக் கேள்விக்கு மேடைக் கதையில் பதிலே கிடையாது. பதில் உலோகத்துக்குள் இருக்கிறது. கதையைவிட அந்தப் பதில் எனக்குப் பல மடங்கு சுவாரசியமாகப் படுகிறது.

நான் பிறையில் ஓர் அலுமினிய வார்ப்புத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் மெட்டீரியல்ஸ் எஞ்சினியரிங் படித்தேன். அங்கே குவாசி படிகம் என்பது நாலாம் செமஸ்டரில் ஒரே ஒரு ஸ்லைடு. அதிலும் ஷெக்ட்மன் படம்தான் இருந்தது.

சரி, அவர் என்னத்தைப் பார்த்தார்?

உங்கள் வீட்டுக் குளியலறைத் தரையிலிருந்து தொடங்கலாம். முக்கோண ஓடு போட்டு இடைவெளியில்லாமல் தரையை நிரப்பலாம். சதுரம், அறுகோணம் என்றாலும் முடியும். ஐங்கோணத்தை எடுத்துப் பாருங்கள். ஒரு முனைக்கு 108 டிகிரி. மூன்றை ஒட்டினால் 324 ஆகும், மீதி 36 டிகிரி வாயைத் திறந்துகொண்டு நிற்கும். நாலாவது ஐங்கோணம் அதில் நுழையாது. படிகம் என்பது ஒரே செங்கல்லை முப்பரிமாணத்தில் திரும்பத் திரும்ப அடுக்கியது என்றால், அதற்கு இரண்டு, மூன்று, நான்கு, ஆறு என்ற சுழல் சமச்சீர்தான் இருக்க முடியும். ஐந்து கிடையாது, பத்தும் கிடையாது. இது கணித நிரூபணம், யாருடைய அபிப்பிராயமும் இல்லை.

1982 ஏப்ரல் 8. அமெரிக்காவின் மேரிலாந்தில் இருந்த தேசியத் தர நிர்ணய ஆய்வகம். அலுமினியத்தோடு மாங்கனீசு சேர்ந்த கலவை. உருகிய குழம்பை வேகமாகச் சுழலும் சக்கரத்தின் மேல் பீய்ச்சியடித்து, வினாடிக்குச் சுமார் பத்து லட்சம் டிகிரி வேகத்தில் குளிரவைத்த மெல்லிய நாடா. அதன் வழியே எலக்ட்ரான் கற்றையைச் செலுத்தினால், அணுக்கள் ஒழுங்காக அடுக்கியிருக்கும் பட்சத்தில் மறுபக்கம் கூர்மையான புள்ளிகள் விழும். ஒழுங்கில்லை என்றால் மங்கலான வளையங்கள்தான். ஷெக்ட்மனுக்குக் கூர்மையான புள்ளிகள் விழுந்தன. வட்டத்தில் எண்ணினால் பத்து. நோட்டில் '10 மடங்கு' என்று எழுதிப் பக்கத்தில் மூன்று கேள்விக்குறி போட்டார்.

மேடையில் யாரும் சொல்லாத இடம் அந்த மூன்று கேள்விக்குறிதான். அன்றைக்கு மிச்ச நேரத்தை அவர் தன் முடிவைத் தானே கவிழ்க்கப் பார்ப்பதில் செலவழித்தார். சாதாரணப் படிகத் துண்டுகள் ஒன்றோடொன்று கோணம் மாறி ஒட்டிக்கொண்டால், இரட்டைப் படிகம் என்போம், பல துண்டுகளின் புள்ளிகள் ஒன்றாக விழுந்து ஐந்து மடங்கு, பத்து மடங்கு போல ஏமாற்றும். அந்தத் துண்டுகள் இருக்கின்றனவா என்று தேடினார், கிடைக்கவில்லை. முதலில் சிரித்திருக்க வேண்டியவர் அவர்தான், அந்த வேலையை அவர் ஒழுங்காகவே செய்தார்.

இன்னொன்று. அந்தக் கணித நிரூபணம் உடைந்துவிட்டது என்று பேச்சாளர்கள் சொல்கிறார்கள். உடையவே இல்லை. இன்றைக்கும் அது அப்படியே நிற்கிறது. ஒரே செங்கல் மீள மீள வந்தால் பத்து மடங்கு வராது, சரிதான். விழுந்தது வேறு: ஒழுங்கு என்றால் மீள வருவது மட்டும்தான் என்கிற, யாரும் நிரூபிக்காமல் எல்லாரும் நம்பிய ஒரு பழக்கம்.

மீளாத ஒழுங்கு எப்படி இருக்கும்? இந்த இதழை வாசிப்பவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். குறில், நெடில் என்று இரண்டே எழுத்து. விதியும் இரண்டே. ஒவ்வொரு சுற்றிலும் நெடில் இருக்கும் இடத்தில் 'நெடில் குறில்' என்று போடுங்கள், குறில் இருக்கும் இடத்தில் 'நெடில்' என்று போடுங்கள். ஒற்றை நெடிலில் தொடங்கினால்: நெடில். நெடில் குறில். நெடில் குறில் நெடில். நெடில் குறில் நெடில் நெடில் குறில். இப்படியே 8 எழுத்து, 13 எழுத்து என்று வளரும். இதில் குறில் இரண்டு சேர்ந்து வராது. நெடில் மூன்று சேர்ந்து வராது. ஆயிரமாவது இடத்தில் என்ன எழுத்து என்பது விதியால் தீர்மானமானது. ஆனால் எங்கே வெட்டி ஒட்டினாலும் முழுவதும் அதே துண்டின் தொடர்ச்சியாக ஆகவே ஆகாது. இதைப் போன்ற அடுக்கில் கற்றையைச் செலுத்தினால் புள்ளிகள் மங்காது, கத்தி மாதிரி கூர்மையாக விழும். நெடிலுக்கும் குறிலுக்கும் உள்ள விகிதம் போகப் போக 1.618-ஐ நெருங்கும். பொன் விகிதம் என்று சொல்லிக் கோயில் கோபுரத்திலும் நடிகை முகத்திலும் ஸ்கேல் வைத்து அளக்கிறார்களே, அதே எண். இங்கே அதை யாரும் வலிந்து தேட வேண்டியதில்லை. புள்ளிகளுக்கு இடையிலான தூரங்களை அளந்தால் தானாக வரும்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு கூட்டத்தில் பேச்சாளர் ஒருவர் இதைப் 'போலிப் படிகம்' என்று தமிழாக்கினார். அதைவிட மோசமாக மொழிபெயர்க்க முடியாது. 1984 டிசம்பரில் லெவின், ஸ்டைன்ஹார்ட் இருவரும் இந்தப் பெயரை வைத்தபோது, குவாசி என்பது ஒட்டியது படிகம் என்ற சொல்லின் மேல் அல்ல. குவாசி சீர்மீட்சி உடைய படிகம் என்பதன் சுருக்கம் அது. போலி என்று எழுதினால் பாலிங் ஜெயித்துவிட்டார் என்று அர்த்தம். நல்ல தமிழ்ச் சொல் கிடைக்கும்வரை குவாசி என்றே இருக்கட்டும்.

இப்போது பாலிங்குக்கு வருவோம். மேடைக் கதையில் அவர் வில்லன். பாவம். அவருடைய கிண்டல் அசிங்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் கிண்டலுக்குக் கீழே ஒரு வாதம் இருந்தது. 1985-ல் நேச்சர் இதழில் அதை எழுதினார்: ஆயிரத்துக்கும் மேற்பட்ட அணுக்கள் கொண்ட பெரிய கனசதுரச் செங்கல், அதன் இரட்டைப் படிகங்கள், அவ்வளவுதான், புது மாதிரி ஒழுங்கு எதுவும் தேவையில்லை என்று. அவர் மட்டுமல்ல. இது ஒழுங்கே அல்ல, இருபது முக அணுக்கொத்துகள் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு தாறுமாறாகக் கிடக்கும் ஒரு வகைக் கண்ணாடி என்று சொன்னவர்களும் இருந்தார்கள். இவர்களுக்கெல்லாம் இடம் கொடுத்தது எது தெரியுமா? ஷெக்ட்மனின் உலோகம்தான்.

அந்த உலோகம் நோஞ்சான். துகள்கள் மைக்ரான் அளவு. புள்ளிகள் முதல் பார்வைக்குக் கூர்மை, உற்றுப் பார்த்தால் கொஞ்சம் தடிப்பு. முக்கியமாக, அதைச் சுமார் 400 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்தால் சாதாரண அலுமினியம்-மாங்கனீசுப் படிகமாக மாறிவிடும். நோபல் வாங்கிக்கொடுத்த உலோகம் ஒரு மணி நேரச் சூட்டைத் தாங்காது. அவசரமாக உறையவைத்ததால் அணுக்களுக்கு வீடு போய்ச்சேர நேரமில்லாமல் நடுவழியில் மாட்டிக்கொண்ட ஒரு நிலை என்று யாராவது சொன்னால், அதைச் சிரித்து ஒதுக்க முடியாது.

எங்கள் தொழிற்சாலையில் முப்பது வருடமாகச் சூளையடியில் நிற்கிற ஓர் அண்ணன் இருக்கிறார். வார்ப்பில் புதிதாக ஏதாவது புள்ளியோ கோடோ மைக்ராஸ்கோப்பில் தெரிந்தால் நான் லேப்டாப்பைத் திறப்பேன். அவர் சொல்வார்: "சூடு காட்டிப் பாரு தம்பி. நிக்குதா ஓடுதான்னு அதுவே சொல்லிடும்." வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கு இது பழைய ஆள் பேச்சாகப் பட்டது. குவாசி படிகம் பற்றிய சண்டையே கடைசியில் இப்படித்தான் தீர்ந்தது என்று பிற்பாடு வாசித்தபோது அவரிடம் போய்ச் சொன்னேன். "பின்னே?" என்றார்.

தீர்த்தவர் பெயர் ஆன்-பாங் சாய். தைவானில் பிறந்தவர், ஜப்பானின் செண்டாய் நகரிலுள்ள தோஹோக்கு பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தவர். அகிஹிசா இனோவே, மசுமோத்தோ ஆகியோருடன் சேர்ந்து 1987-ல் ஒரு கலவையை வெளியிட்டார். அலுமினியம் 65, செம்பு 20, இரும்பு 15. மூன்றும் இரும்புக்கடைச் சாமான்கள். சுழலும் சக்கரம் இல்லை, வினாடிக்குப் பத்து லட்சம் டிகிரி இல்லை. உருக்கி ஊற்றி, பிறகு 800 டிகிரி அளவில் மணிக்கணக்கில் சூளையில் வைத்தால் இது மாறவில்லை. மாறாததோடு புள்ளிகள் இன்னும் கூர்மையாயின. பன்னிரண்டு ஐங்கோண முகங்கள் கொண்ட துகள்கள் மைக்ராஸ்கோப்பில் தெரிந்தன. நடுவழியில் மாட்டிக்கொண்ட நிலை என்றால் சூடு காட்டும்போது ஓட வேண்டும். இது உட்கார்ந்து காலை நீட்டியது. அதற்கு முந்தைய வருடமே அலுமினியம்-லித்தியம்-செம்பில் மெதுவாக வளர்ந்த துண்டுகள் கிடைத்திருந்தன என்பதையும் சொல்ல வேண்டும், ஆனால் அவற்றின் புள்ளிகள் தடிப்பாகவே இருந்ததால் சந்தேகக்காரர்களை அசைக்கவில்லை. இரட்டைப் படிகம், கண்ணாடி என்ற இரண்டு வாதத்தையும் உட்காரவைத்தது செண்டாய்ச் சூளைதான்.

சாய் எப்படி இந்தக் கலவையைக் கண்டுபிடித்தார்? எனக்கு இந்தப் பகுதியை எழுதும்போது கை பரபரக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆக்ஸ்போர்டில் வில்லியம் ஹியூம்-ராத்தரி என்று ஒருவர் இருந்தார். 1920-களிலேயே அவர் கவனித்தது: சில கலவைகள் ஒரு குறிப்பிட்ட அமைப்பை எடுப்பதற்குக் காரணம் அதில் எந்தத் தனிமம் இருக்கிறது என்பது அல்ல, ஓர் அணுவுக்குச் சராசரியாக எத்தனை எலக்ட்ரான் இருக்கிறது என்பதே. காரணம் பிற்பாடு விளங்கியது. உலோகத்துக்குள் எலக்ட்ரான் அலையாகப் போகிறது. அணு அடுக்குகளின் இடைவெளியும் அலைநீளமும் சரியாகப் பொருந்தினால் அலை எதிரொலித்துத் தேங்கி நிற்கும். அந்த இடத்தில் எலக்ட்ரான்களின் ஆற்றல் கீழே இறங்கும். மிக அதிக ஆற்றலில் இருக்கும் எலக்ட்ரான்களுக்குச் சரியாக இது நடந்தால் உலோகத்தின் மொத்த ஆற்றலும் இறங்கும். அதாவது அந்த அமைப்பு நிலைக்கும். அந்த ஆற்றல் மட்டத்தில் ஒரு பள்ளம் விழும். சாதாரணப் படிகத்தில் இது சில திசைகளில்தான் நடக்கும். இருபது முகச் சமச்சீரில் ஏறத்தாழ எல்லாத் திசையிலும் ஒரே தூரத்தில் முகங்கள் இருக்கின்றன, அது கிட்டத்தட்ட உருண்டை. ஆகவே எலக்ட்ரான் எந்தப் பக்கம் போனாலும் முட்டும். பள்ளம் ஆழமாக விழும்.

இனி கணக்கு. அலுமினியம் ஓர் அணுவுக்கு 3 எலக்ட்ரான் தரும், செம்பு 1 தரும். இரும்பு தராது, மற்றவர்களிடமிருந்து 2.66 வாங்கிக்கொள்ளும் என்று கணக்கு வைப்பார்கள். 65 மூன்றால் 195. அதோடு 20 சேர்த்தால் 215. அதில் 15 தடவை 2.66, அதாவது 39.9-ஐக் கழித்தால் 175.1. நூறு அணுவுக்கு 175, ஓர் அணுவுக்கு 1.75. இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு சாய் தனிம அட்டவணையில் நடந்தார். இரும்பு இருந்த வரிசையில் கீழே இறங்கி ருத்தேனியம், ஆஸ்மியம் போட்டார், நிலைத்தது. அலுமினியம் 70, பல்லேடியம் 20, மாங்கனீசு 10 போட்டார், அதுவும் நிலைத்தது. நீங்களே கணக்குப் போடலாம், பல்லேடியத்துக்குச் சுழி, மாங்கனீசுக்குக் கழித்தல் 3.66. 1.73 வரும். ஒரு தடவை கிடைத்தால் அதிர்ஷ்டம் எனலாம். எண்ணைச் சொல்லிவிட்டுப் போய் அடுத்தடுத்து எடுத்துவந்தால் அதற்குப் பெயர் வேறு.

இரும்பு எலக்ட்ரான் வாங்கும் என்ற அந்த விசித்திரக் கணக்கு எங்கிருந்து வந்தது? 1949-ல் ரேனர் என்பவர் போட்டது. அவர் பின்பற்றியது 1938-ல் உலோகங்களைப் பற்றி ஒரு கொள்கை எழுதியவரை. அந்த 1938-காரர் லைனஸ் பாலிங். குவாசி படிகமே கிடையாது என்று 1994-ல் சாகும்வரை சொன்ன மனிதரின் பழைய கணக்குதான் நிலையான குவாசி படிகங்களைத் தேட உதவியது. மேடைக் கதையில் இதற்கு இடமில்லை, ஏனென்றால் இதில் யாரை வில்லனாக்குவது என்று தெரியாமல் போய்விடும்.

பள்ளம் உண்மையிலேயே இருக்கிறதா? இருக்கிறது என்பதற்குக் கரண்டு சாட்சி. சாதாரண உலோகத்தைச் சூளையில் வைத்துக் குறைகளை நீக்கினால் மின்சாரம் இன்னும் நன்றாகப் பாயும். இது எல்லா எஞ்சினியருக்கும் தெரியும். அலுமினியம்-செம்பு-இரும்பு குவாசி படிகத்தில் நேர் எதிர்: எவ்வளவுக்கெவ்வளவு குறையில்லாமல் ஆகிறதோ அவ்வளவுக்கவ்வளவு மின்தடை ஏறுகிறது. மூன்று நல்ல கடத்திகளைக் கலந்து ஒரு மோசமான கடத்தி. ஒழுங்கு கூடக் கூட இன்னும் மோசம்.

பிறகு 2000-ல் சாய் குழு காட்மியமும் இட்டெர்பியமும் மட்டும் கொண்ட, இரண்டே தனிமக் குவாசி படிகத்தை வெளியிட்டது. ஓர் அணுவுக்குச் சரியாக 2 எலக்ட்ரான். அதன் அமைப்பை ஏழு வருடம் கழித்து அணு அணுவாகத் தீர்த்தார்கள். வெங்காயம் மாதிரி ஓடு ஓடாக இருக்கும் கொத்து: நடுவில் நாலு காட்மியம், அதைச் சுற்றி இருபது காட்மியம், பிறகு பன்னிரண்டு இட்டெர்பியம், பிறகு முப்பது காட்மியம், எல்லாவற்றையும் மூடிய முப்பது சாய்சதுர முக ஓடு. இதற்குச் சாய் கொத்து என்றே பெயர். ஆன்-பாங் சாய் 2019-ல் இறந்தார். அவரைப் பற்றித் தமிழில் ஒரு பத்தியாவது இருக்கிறதா என்று தேடினேன், என் கண்ணில் எதுவும் படவில்லை. அவரை யாரும் குழுவிலிருந்து துரத்தவில்லை, அதுதான் அவர் செய்த குற்றம்.

எப்படி நிலைக்கிறது என்று சொல்லிவிட்டேன், எப்படி உருவாகிறது? இங்கே எனக்குப் பிடித்த சிக்கல் ஒன்று இருக்கிறது. சாதாரணப் படிகம் வளரும்போது புதிதாக வரும் அணு பக்கத்து வீட்டைப் பார்த்து அதே மாதிரி உட்கார்ந்தால் போதும். குவாசி படிகத்தில் அடுத்த இடம் நெடிலா குறிலா என்பது தூரத்தில் இருப்பதைப் பொறுத்தது. உருகிய குழம்பிலிருந்து வந்து ஒட்டுகிற அணுவுக்கு அவ்வளவு தூரம் கண் தெரியாது. இதைச் சுட்டிக்காட்டித்தான் இப்படி ஒன்று வளரவே முடியாது என்றார்கள்.

பதிலின் ஒரு பாதி 1952-லேயே இருந்தது. பிரிஸ்டலில் சார்லஸ் பிராங்க் என்பவர் உருகிய உலோகம் உறைநிலைக்குக் கீழே போயும் ஏன் உறையாமல் அடம்பிடிக்கிறது என்று யோசித்தார். ஓர் அணுவைச் சுற்றிப் பன்னிரண்டு அணு இருபது முக வடிவில் நெருங்கி நிற்பதுதான் திரவத்துக்கு வசதி என்றார். அந்த வடிவை வைத்துச் சாதாரணப் படிகம் கட்ட முடியாது, கலைத்துத்தான் கட்ட வேண்டும், அதனால்தான் தாமதம். 2003-ல் கெல்டன் குழு டைட்டானியம்-சிர்க்கோனியம்-நிக்கல் துளியை எந்தப் பாத்திரமும் தொடாமல் மின்புலத்தில் அந்தரத்தில் மிதக்கவைத்து எக்ஸ்-ரே பாய்ச்சிப் பார்த்தது. குளிரக் குளிர திரவத்துக்குள் அந்த இருபது முக ஒழுங்கு கூடிக்கொண்டே போனது. முதலில் உறைந்ததும் குவாசி படிகம்தான், சாதாரணப் படிகம் பிறகுதான் வந்தது. ஆக, குவாசி படிகத்தின் விதை திரவத்திலேயே இருக்கிறது. அதற்கு எதையும் கலைக்க வேண்டியதில்லை.

மறுபாதி 2015-ல் தோக்கியோவிலிருந்து வந்தது. அலுமினியம்-நிக்கல்-கோபால்ட் குவாசி படிகம் வளர்வதைச் சூடான நிலையிலேயே எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் எடகாவா குழு படம்பிடித்தது. வளரும் விளிம்பில் அடுக்கு தப்பாகத்தான் விழுகிறது. பிறகு அந்தத் தப்பு திருத்தப்படுகிறது. தள்ளி உட்கார், நீ இங்கே வா என்று கொத்துகள் இடம் மாறி ஒழுங்குக்கு வருகின்றன. அணுவுக்குத் தூரத்துப் பார்வை தேவையில்லை, சூடும் நேரமும் இருந்தால் போதும். அலுமினியம்-செம்பு-இரும்புக் குழம்பிலும் முதலில் உறைவது வேறு சாதாரணப் படிகங்கள். அவை மிச்சத் திரவத்தோடு வினைபுரிந்துதான் குவாசி படிகம் வருகிறது. அப்போதும் அரைகுறை. அதனால்தான் மணிக்கணக்கில் சூளை. கலவை விகிதம் கொஞ்சம் நகர்ந்தாலும் தணிந்த சூட்டில் அது பக்கத்து உறவான ஒரு சாதாரணப் படிகத்துக்குத் தாவிவிடும்.

மனிதனின் சூளை எதுவும் இல்லாமலும் இது நடந்திருக்கிறது. ரஷ்யாவின் தூரக் கிழக்கில் கோர்யாக் மலைப்பகுதியில் கிடைத்த கத்தீர்க்கா விண்கல்லில் லூக்கா பிண்டி கண்டெடுத்த ஐகோசஹெட்ரைட் என்ற கனிமம்: அலுமினியம் 63, செம்பு 24, இரும்பு 13. செண்டாய்க் கலவைக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி. 2009-ல் வெளியானது. மைக்ராஸ்கோப், நோபல், தமிழ்ப் பேச்சாளர் எல்லாம் வருவதற்கு ரொம்ப முன்பே விண்வெளி மோதலில் உண்டாகி, யாருடைய கைத்தட்டலும் இல்லாமல் கிடந்த உலோகம்.

கடைசியாக, மேடைக் கதையின் இன்னொரு ஓட்டை. அறிவியல் உலகமே அவரை வருடக்கணக்கில் ஒதுக்கியது என்பார்கள். முதல் கட்டுரை ஓர் இதழில் நிராகரிக்கப்பட்டது உண்மை. ஆனால் 1984 நவம்பரில் பிசிக்கல் ரிவியூ லெட்டர்ஸில் வெளியான கட்டுரையில் பெயர்கள் நாலு: ஷெக்ட்மன், பிளெக், கிராத்தியாஸ், கான். ஒற்றை ஆள் இல்லை. அடுத்த மாதமே கோட்பாட்டுக் கட்டுரை வந்தாயிற்று. 1992-ல் சர்வதேசப் படிகவியல் ஒன்றியம் படிகம் என்ற சொல்லின் வரையறையையே மாற்றி எழுதியது: மீள வருதல் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டு, கூர்மையான புள்ளிகள் தருகிற திடப்பொருள் என்று வைத்தார்கள். ஒரு துறை தன் அடிப்படைச் சொல்லை எட்டு வருடத்தில் திருத்திக்கொண்டிருக்கிறது. நம் இலக்கணக் கூட்டங்களில் ஒரு சந்தி எழுத்தைப் பற்றிய சண்டை இதைவிட நீண்டிருக்கிறது.

எல்லாம் முடிந்துவிட்டதா என்றால் இல்லை. குவாசி படிகம் நிலைப்பது ஆற்றல் குறைவதாலா, அல்லது கொத்துகள் பல விதமாக இடம் மாறி உட்கார முடிவதால் வருகிற என்ட்ரோபியாலா என்று முப்பது வருடத்துக்கு மேல் இரண்டு கட்சி. கணினியில் ஆற்றலைக் கணக்கிடலாம் என்றால், கணக்கிடும் முறைக்கு மீள வரும் செங்கல் வேண்டும், இதில் செங்கலே இல்லை. 2025-ல் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு ஒரு வழி கண்டது. குவாசி படிகத்திலிருந்து சின்னச் சின்ன உருண்டைகளாகத் தோண்டியெடுத்து, அளவைக் கூட்டிக்கொண்டே போய் ஆற்றலைக் கணக்கிட்டார்கள். ஸ்காண்டியம்-துத்தநாகம், இட்டெர்பியம்-காட்மியம் என்ற இரண்டு கலவைகளுக்கு, சூடே இல்லாத நிலையிலும் ஆற்றல் மட்டுமே போதும் என்று விடை வந்தது. சாய் கொத்து உள்ள இரட்டைத் தனிமக் கலவைகளுக்கான விடை அது. சூடு ஏறும்போதுதான் நிலைக்கும் கலவைகளைப் பற்றி என்ட்ரோபிக் கட்சி இன்னும் மைக்கை விடவில்லை.

பெரியப்பாவின் தகட்டை வாங்கி எங்கள் லேபில் வைத்துப் பார்த்தேன். பித்தளை, மேலே நிக்கல் பூச்சு. அவரிடம் ஷெக்ட்மனைப் பற்றி எதுவும் பேசவில்லை. அண்ணன் சொன்னதைத்தான் வேறு மாதிரி சொன்னேன்: "ரெண்டு வாரம் தகடு போட்டு, ரெண்டு வாரம் போடாம, மாத்திரைய மட்டும் முழுசா எடுத்து, தெனம் காலைல பிரஷர் பாத்து எழுதி வைங்க பெரியப்பா. நோட்டு நான் வாங்கித் தர்றேன்." எழுதிக்கொண்டிருக்கிறார். மூன்றாவது வாரம் ஓடுகிறது.